ஒரு சொட்டும் ஒரு தாளும்

நம் வேதியியல் செய்முறைக் கூடத்தில் வடிதாளுக்கு என்ன மதிப்பு? வடிகட்டி முடிந்ததும் அது குப்பைக் கூடைக்குப் போகும். அந்தத் தாளையே ஓர் ஆய்வுக்கூடமாக்கிக் காட்டிய மேதை ஃபிரிட்ஸ் ஃபைகல்.

1891-இல் வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், முதல் உலகப் போரில் படைவீரராகச் சென்று காயமுற்றார். போர் ஓய்ந்தபின் 1920-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வடிதாளின் மேல் நிகழும் சொட்டுச் சோதனைகளே அவர் ஆய்வின் பொருள்.

முறை எளியது. நிக்கல் உப்புக் கரைசலில் ஒரு சொட்டைத் தாளில் இட்டு, டைமெத்தில் கிளையாக்சைம் சேர்த்து, அம்மோனியா ஆவியில் காட்டினால் செந்நிறம் பூக்கும். தாளின் நுண்துளைகள் சொட்டை ஈர்த்துப் பரப்புகின்றன. வெண்மைப் பின்னணியில் மங்கிய நிறமும் கண்ணில் படுகிறது. ஆனால் வேறு உலோகம் அதே நிறத்தைத் தந்தால் சோதனை பொய்யாகிவிடும். ஆகவே, தேடும் பொருளை மட்டும் காட்டும் வினைகளைக் கண்டறிவதிலேயே ஃபைகல் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

1938-இல் ஆஸ்திரியா நாஜிகள் வசமாயிற்று. பேராசிரியர் பதவியை இழந்து அவர் பெல்ஜியம் சென்றார். 1940-இல் அங்கும் படை நுழைந்தது. பிரான்சின் தென்பகுதியில் ஒரு முகாமில் அடைபட்டார். அவர் மனைவி ரெஜினும் வேதியியலாரே. அவருடைய விடாமுயற்சியால் பிரேசில் தூதரிடமிருந்து விசா கிடைத்தது. அந்நாட்டின் கனிம ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்த ஃபைகல், 1971-இல் ரியோ டி ஜெனீரோவில் மறைந்தார். எல்லாம் பறிபோன பின்னும் தாளும் சொட்டும் அவரை விட்டுப் போகவில்லை!

2007-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தாளில் நுண்ணிய வழித்தடங்கள் அமைத்து, செயற்கைச் சிறுநீரில் குளுக்கோசையும் புரதத்தையும் கண்டறிந்தனர். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள காரீயம், பாதரசம் போன்றவற்றையும் மலிவான தாளில் காண இன்று பலர் முயல்கின்றனர். தடை எங்கே? லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே, அது எங்கிருந்து வந்தது எனத் தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இரத்தத்தின் ஒரு சொட்டில் இருப்பதோ ஒரு மைக்ரோகிராமில் நானூறில் ஒரு பங்கு! பழைய சொட்டுச் சோதனைகளின் கண்ணுக்கு அது எட்டாது. புரதங்களும் பிற உப்புகளும் வேறு குறுக்கிடும்.

நண்பர்களே, ஃபைகல் எழுப்பிய கேள்வி இன்னும் முடியவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் நமக்கு, அடுத்த செய்முறை வகுப்பில் எறியப்போகும் வடிதாளே அதை நினைவூட்டட்டும்.