தந்தை கொடுத்த நிலம், மகன் கேட்ட கணக்கு

ஸ்காட்லாந்து நாட்டில் டன்பர்ம்லின் என்று ஓர் ஊர். அங்கே பழமையான கிறிஸ்தவ மடாலயம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மன்னர்கள் பலரை அடக்கம் செய்த இடம் அது. மடாலயத்தை ஒட்டி ஒரு விருந்தினர் மாளிகை இருந்தது. பிற்காலத்தில் அதுவே அரண்மனை ஆயிற்று.

அந்த அரண்மனையில் 1600-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சார்லஸ் என்று பெயர் வைத்தார்கள்.

தந்தை, ஸ்காட்லாந்து மன்னர் 6-வது ஜேம்ஸ். தாய், டென்மார்க் நாட்டு இளவரசி ஆன்.

மடத்து மாளிகை அரசிக்கு எப்படி வந்தது? 1589-ம் ஆண்டு ஜேம்சுக்கும் ஆனுக்கும் திருமணம் நடந்தது. திருமணத்துக்கு மறுநாள் காலையில் மணமகன் மணமகளுக்குப் பரிசு கொடுப்பது அந்நாட்டு வழக்கம். ஜேம்ஸ் கொடுத்த பரிசு, டன்பர்ம்லின் மடத்துக்குச் சொந்தமாக இருந்த நிலங்கள்!

அதாவது, திருச்சபைச் சொத்திலேதான் சார்லஸ் பிறந்தார். பிற்காலத்தில் அவரைப் படாத பாடு படுத்தியதும் திருச்சபைச் சொத்துதான்.

ஏழு வயது மடாதிபதி

அக்காலத்தில் ஸ்காட்லாந்தில் மன்னரைவிடத் திருச்சபைக்குத்தான் பணம் அதிகம். 1560-ம் ஆண்டு வாக்கில் திருச்சபையின் வருமானம் மன்னர் வருமானத்தைப்போல் சுமார் பத்து மடங்கு இருந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இத்தனை பணம் ஓரிடத்தில் இருந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

சார்லசின் கொள்ளுத்தாத்தா 5-வது ஜேம்ஸ் மன்னருக்கு, முறைப்படி மணக்காத பெண்களிடம் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களைச் சிறு வயதிலேயே பெரிய மடாலயங்களுக்குத் தலைவர்கள் ஆக்கினார். அவர்கள் துறவிகள் அல்ல. ஜெபம் செய்ய வேண்டியதும் இல்லை. வருமானத்தை வாங்கிக்கொண்டால் போதும்.

மன்னரைப் பார்த்துப் பிரபுக்களும் பழகிக்கொண்டார்கள். 1553-ம் ஆண்டு பெய்ஸ்லி மடத்துக்குத் தலைவர் ஆன கிளாட் ஹாமில்டனுக்கு வயது ஏழு!

1560-ம் ஆண்டு ஸ்காட்லாந்து பார்லிமெண்டு, போப்பாண்டவரின் அதிகாரம் இனிச் செல்லாது என்று சட்டம் செய்தது. நாடு புராட்டஸ்டண்டு மதத்துக்கு மாறியது. மடங்களில் துறவிகள் குறைந்துகொண்டே போனார்கள். நிலம் மட்டும் அப்படியே இருந்தது. பிரபுக்களின் குடும்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

1587-ம் ஆண்டு மன்னர் ஜேம்சுக்கு 21 வயது. அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. திருச்சபை நிலங்கள் எல்லாம் மன்னருக்குச் சொந்தம் என்றது சட்டம். ஆனால் வலது கையால் வாங்கியதை ஜேம்ஸ் இடது கையால் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு மடத்து நிலத்தையும் ஒரு ஜமீன் ஆக்கி, பட்டயம் எழுதி, பிரபுக்களுக்கே வழங்கினார். பெய்ஸ்லி, ஹாமில்டனுக்கே போயிற்று. ஸ்கோன் மடத்து நிலம் டேவிட் மரே என்பவருக்குப் போயிற்று. பால்மெரினோ மடத்து நிலத்தை மன்னரின் செயலாளர் ஜேம்ஸ் எல்பின்ஸ்டன் பெற்றார். பால்மெரினோ பிரபு என்ற பட்டமும் சேர்ந்து வந்தது.

ஜேம்ஸ் ஏமாளி அல்ல. அவருக்கு நிரந்தரப் படை இல்லை. கஜானாவில் பணமும் இல்லை. 1582-ல் பிரபுக்கள் சிலர் அவரையே பிடித்துப் பத்து மாதம் காவலில் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைத் தம் பக்கம் இழுக்க அவரிடம் இருந்த ஒரே பொருள் மடத்து நிலம்தான். நிலம் வாங்கியவர் மன்னருக்கு எதிராக எளிதில் கை ஓங்கமாட்டார் அல்லவா?

பேச்சு வராத பிள்ளை

1603-ம் ஆண்டு ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னர் ஆனார். குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார். சார்லசை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். காரணம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. மூன்று வயதாகப் போகிறது, நடக்க முடியவில்லை. பேச்சும் வரவில்லை.

டன்பர்ம்லினில் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் அலெக்சாண்டர் சீட்டன் என்ற பிரபு. இவருக்கும் மடத்து நிலம் கிடைத்தது உண்டு. பத்து வயதில் ஞானஸ்நானத் தாய் என்ற முறையில் மேரி அரசி இவருக்குக் கொடுத்த பரிசு, புளுஸ்கார்டன் என்ற மடம்!

மறு ஆண்டு சார்லசும் லண்டன் போய்ச் சேர்ந்தார். கால் பலப்பட இரும்புக் காலணி போடலாம் என்றார் தந்தை. வளர்ப்புத் தாயாக இருந்த கேரி சீமாட்டி அதற்குச் சம்மதிக்கவில்லை. பொறுமையாக நடக்கப் பழக்கினார். பிள்ளை நன்றாக நடந்தான். வளர்ந்தபின் சிறந்த குதிரை வீரனும் ஆனான். திக்குவாய் மட்டும் கடைசிவரை போகவில்லை. அதனாலோ என்னவோ, பிறரோடு மனம் விட்டுப் பேசும் பழக்கம் சார்லசுக்கு இல்லை. பேசித் தீர்க்க வேண்டியதை உத்தரவு போட்டுத் தீர்க்கப் பார்ப்பார்.

1612-ல் அண்ணன் ஹென்றி இறந்தார். சார்லஸ் பட்டத்து இளவரசர் ஆனார். 1625-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி தந்தையும் காலமானார். 24 வயதில் சார்லஸ் இரண்டு நாட்டுக்கும் மன்னர்.

ஒரே உத்தரவு

ஸ்காட்லாந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மன்னர் சிறுவனாக இருக்கும்போது பெரியவர்கள் அவர் பெயரால் நிலங்களைத் தானம் கொடுத்துவிடலாம். மன்னர் வளர்ந்தபின், 25 வயது முடிவதற்குள், அவற்றை ரத்து செய்யலாம்.

இது நியாயமான வழக்கம்தான். ஆனால் சார்லஸ் சிறுவயதில் முடிசூடியவர் அல்ல. ரத்து செய்வதற்கு அவர் பெயரால் எந்தத் தானமும் நடக்கவில்லை. இருந்தும், 25 வயது முடியச் சில வாரங்கள் இருக்கையில், 1625-ம் ஆண்டு அக்டோபரில் அவர் உத்தரவு போட்டார். 1540-ம் ஆண்டு முதல் கொடுக்கப்பட்ட அரசு நிலம், திருச்சபை நிலம் எல்லாம் ரத்து!

85 ஆண்டுச் சொத்து. தாத்தா வாங்கி, தந்தை ஆண்டு, பேரன் கையில் இருக்கும் சொத்து. விற்றவர்கள் உண்டு, அடமானம் வைத்தவர்கள் உண்டு, பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்தில் முற்றுப்புள்ளி. தந்தை போட்ட கையெழுத்தையே மகன் மதிக்கவில்லை என்றால், இனி எந்தப் பட்டயத்தை நம்புவது?

எடின்பரோவில் பிரபுக்கள் கொதித்தார்கள். ஒரு கதைகூட உண்டு. மன்னரின் தூதர் நிலம் பற்றிப் பேச வந்த கூட்டத்தில், கண் தெரியாத ஒரு பிரபு தூதரின் கட்சிக்காரர் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாராம். தடுமாறாமல் இருக்கப் பிடித்துக்கொள்வதுபோல் ஒரு கையால் அவரைப் பற்றிக்கொண்டாராம். மற்றொரு கையில் குத்துவாள்! தூதர் பிடிவாதம் செய்திருந்தால் குத்தியிருப்பாராம். பல ஆண்டு கழித்து எழுதப்பட்ட கதை இது. அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு கதை பிறக்கும் அளவுக்குக் கோபம் இருந்தது.

சார்லசின் நோக்கம் கெட்டது அல்ல. அந்நாட்டில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்குச் சேரவேண்டும். மடங்கள் கைமாறியபோது அந்தப் பங்கும் பிரபுக்களிடம் போய்விட்டது. பங்குக்கு உரியவர் வந்து எடுத்துச் செல்லும்வரை உழவர் கதிர்க்கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மழை வந்தால் வயலிலேயே அழுகும். ஊர்ப் பாதிரியார்களோ போதிய சம்பளம் இல்லாமல் தவித்தார்கள்.

இதைத்தான் மன்னர் மாற்ற விரும்பினார். 1627-ல் ஒரு விசாரணைக் குழு வைத்தார். நிலத்தைப் பிடுங்கமாட்டேன், விட்டுக்கொடுக்கும் உரிமைக்கு ஈடு தருவேன் என்றும் தெரிவித்தார். நிலவாடகையில் ஐந்தில் ஒரு பங்கே திருச்சபைப் பங்கு என்று வரையறுத்தார். ஒன்பது ஆண்டுத் தொகையைக் கொடுத்து, நிலச் சொந்தக்காரர் அந்தப் பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளலாம் என்றும் வழி செய்தார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலில் பயமுறுத்திவிட்டுப் பிறகு சமாதானம் சொன்னால் யார் கேட்பார்கள்? ஈடு கொடுக்கக் கஜானாவிலும் பணம் இல்லை.

ஒரு வாக்கில் தூக்கு

மன்னர் ஆகி எட்டு ஆண்டு கழித்து, 1633-ல்தான் சார்லஸ் பிறந்த நாட்டுக்கு வந்தார். ஜூன் 18-ந் தேதி ஹோலிரூட் மடத்துக் கோவிலில் முடிசூடினார். பார்லிமெண்டு கூடியது. நில ரத்து உத்தரவு சட்டம் ஆயிற்று. வாக்கெடுப்பின்போது யார் யார் எதிர்க்கிறார்கள் என்று மன்னர் தம் கையாலேயே குறித்துக்கொண்டார்! சபை அதிர்ந்துபோயிற்று.

எதிர்த்தவர்கள் ஒரு மனு எழுதினார்கள். அதன் நகல் இரண்டாவது பால்மெரினோ பிரபுவிடம் இருந்தது. மடத்து நிலம் பெற்ற அந்தச் செயலாளரின் மகன்தான் இவர். மனுவை வைத்திருந்ததே ராஜத் துரோகம் என்று வழக்குப் போட்டார்கள். 1635-ல் தீர்ப்பு வந்தது. பதினைந்து பேரில் எட்டுப் பேர் குற்றவாளி என்றார்கள். ஏழு பேர் இல்லை என்றார்கள். ஒரே வாக்கில் மரண தண்டனை!

மன்னர் மன்னித்து விட்டுவிட்டார். ஆனால் ஒரு தாளுக்காகத் தலை போக இருந்ததைப் பிரபுக்கள் மறக்கவில்லை. அதே காலத்தில் மன்னர் பிஷப்புகளுக்கு மேலும் மேலும் பதவி கொடுத்தார். நாளை மடத்து நிலத்தையும் பிஷப்புகளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம் பரவியது.

1637-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி எடின்பரோ பெரிய கோவிலில், மன்னர் அனுப்பிய புதிய ஜெபப் புத்தகத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். பெண்கள் எழுந்து கூச்சல் போட்டார்கள். முக்காலிகள் பறந்தன. ஜெபப் புத்தகத்தை எதிர்த்தவர்கள் பாமர மக்களும் பாதிரியார்களும். அவர்களோடு பிரபுக்களும் சேர்ந்துகொண்டார்கள். பிரபுக்களை இழுத்தது மதப் பற்றா, மண் ஆசையா? இரண்டும் பின்னிக் கிடந்தன. 1638 பிப்ரவரி 28-ந் தேதி தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திடத் தொடங்கினார்கள். முன்னணியில் நின்றவர்களில் பால்மெரினோவும் ஒருவர்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தன. 1639-லும் 1640-லும் போர். ஸ்காட்லாந்துப் படை இங்கிலாந்துக்குள் புகுந்து நியூகாசில் நகரைப் பிடித்தது. போர்ச் செலவுக்குப் பணம் வேண்டி, சார்லஸ் லண்டனில் பார்லிமெண்டைக் கூட்ட நேர்ந்தது. 1641-ல் சமாதானம் பேச எடின்பரோ வந்தார். அங்கே பார்லிமெண்டின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், மரண தண்டனை பெற்ற அதே பால்மெரினோ!

1642-ல் இங்கிலாந்திலும் உள்நாட்டுப் போர் மூண்டது. தோற்ற சார்லஸ் 1646-ல் ஸ்காட்லாந்துப் படையிடமே அடைக்கலம் புகுந்தார். படைச் செலவுப் பாக்கியாக நாலு லட்சம் பவுன் பேசப்பட்டது. முதல் தவணை கைக்கு வந்ததும், 1647 ஜனவரி 30-ந் தேதி, ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் மன்னரை இங்கிலாந்து பார்லிமெண்டின் ஆட்களிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1649 ஜனவரி 30-ந் தேதி, லண்டன் ஒயிட்ஹால் அரண்மனை வாசலில் சார்லசின் தலை வெட்டப்பட்டது. அன்று கடும் குளிர். குளிரில் உடம்பு நடுங்கினால் பயந்து நடுங்குவதாக மக்கள் நினைப்பார்களே என்று, காலையில் அவர் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஜெபப் புத்தகம் போயிற்று. மடத்து நிலம் பெரும்பாலும் பிரபுக்களிடமே தங்கிவிட்டது. நிலவாடகையில் ஐந்தில் ஒரு பங்கு என்று அவர் வகுத்த கணக்கு மட்டும் நின்றது. 1925-ம் ஆண்டு புதிய சட்டம் வரும்வரை, ஸ்காட்லாந்துப் பாதிரியார்களின் சம்பளத்துக்கு அந்தக் கணக்கே ஆதாரமாக இருந்தது.