ஒளியோடு ஒளி சேர்ந்தால்

ஒரு விளக்கு எரியும் அறையில் இன்னொரு விளக்கையும் ஏற்றினால் வெளிச்சம் கூடும் என்பது நாம் அறிந்ததே. ஆனால், ஒளியோடு ஒளி சேரும்போது சில இடங்களில் இருளும் உண்டாகும் என்றார் ஒரு மருத்துவர். அவர் பெயர் தாமஸ் யங்.

1773ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மில்வர்ட்டன் என்ற ஊரில், பத்துப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் இவர். ஒளி என்பது நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்ற நியூட்டனின் கருத்தே அன்று ஓங்கி நின்றது. யங்கோ, ஒளி அலையாகப் பரவுகிறது என்றார்.

அதற்குச் சான்றாக, இருட்டறைக்குள் ஓர் ஊசித்துளை வழியே சூரிய ஒளியை வரவிட்டு, அதன் குறுக்கே மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்தார். அட்டையின் இருபுறமும் வந்த ஒளி, அதன் நிழலுக்குள் வெளிச்சமும் இருளுமாக மாறி மாறிக் கோடுகளை வரைந்தது. ஒரு பக்கத்து ஒளியை மறைத்தார். மறுபக்கத்து ஒளி இருந்தும் அக்கோடுகள் மறைந்தன. 1803ஆம் ஆண்டு இதை இலண்டன் ராயல் கழகத்தில் எடுத்துரைத்தார். 1807ல் வெளியான தம் நூலில், அருகருகே உள்ள இரு பிளவுகளைக் கொண்டும் இதை விளக்கினார்.

காரணம் எளியதே. இரு பிளவுகளிலிருந்தும் சம தூரத்தில் உள்ள நடுப்பகுதியில், அலையின் முகடும் முகடும் சேர்ந்து வெளிச்சம் பெருகுகிறது. சற்றுத் தள்ளி, ஓர் அலை மற்றதைவிட அரை அலைநீளம் கூடுதலாகப் பயணிக்கும் இடத்தில், முகடும் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன, அங்கே இருள். ஒரு முழு அலைநீளம் வேறுபடும் இடத்தில் மீண்டும் வெளிச்சம். இக்கோடுகளின் உதவியால், சிவப்பு ஒளியின் அலைநீளம் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 36,000ல் ஒரு பங்கு என்றும் கணக்கிட்டார் யங்.

பாராட்டுக்குப் பதில் ஏளனமே வந்தது. ஹென்றி புரூம் என்பவர் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். யங் பதிலுக்கு அச்சிட்ட சிறுநூலில் ஒரே ஒரு பிரதிதான் விற்றதாம். அவர் முடங்கிவிடவில்லை. மருத்துவமனையில் நோயாளரைக் கவனித்தார். எகிப்தின் பழைய எழுத்துக்களை ஆராய்ந்தார்.

1815ல் பிரான்சில் அகஸ்டின் பிரெனெல் என்ற இளம் பொறியாளர், யங்கின் ஆய்வை அறியாமலேயே அதே உண்மையைக் கண்டார். அவரது கணக்குகள் அலைக் கொள்கையை நிலைநிறுத்தின. பின்னாளில் ராயல் கழகம் பிரெனெலுக்குப் பதக்கம் அளித்தபோது, அச்செய்தியை அவருக்கு எழுதி அனுப்பியவர் யங்தான். 1829ல் யங் மறைந்தார்.

நாம் விதைத்ததை வேறொருவர் அறுவடை செய்யும்போது, அவருக்கு நற்செய்தி சொல்லும் கடிதத்தை எழுத நம் கை முன்வருமா? சிந்திப்போம்.