இரண்டாயிரம் ரூபாய்க் கார்!

கோவை அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை நீண்டதொரு மேம்பாலம். நீளம் பத்துக் கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. அதன் மேல் நாள்தோறும் ஆயிரக்கணக்கான கார்கள் பறக்கின்றன. ஜப்பான் கார், கொரியாக் கார், ஜெர்மன் கார், வட நாட்டுத் தொழிற்சாலையில் செய்த கார்! கோவையில் செய்த கார் மட்டும் ஒன்றுகூட இல்லை.

பாலத்துக்கு யார் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் தெரியுமா? மலிவான கார் ஒன்றைச் செய்துகாட்டி, அதை விற்க முடியாமல் போன ஒருவரின் பெயரை!

அவர்தான் ஜி.டி.நாயுடு. கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர்.

மோட்டார் சைக்கிள் மோகம்

சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி பிறந்தார். படிப்பில் நாட்டம் இல்லை. ஆசிரியர் மீதே மண்ணை வாரி இறைத்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடமும் அவரை விட்டது. அவரும் பள்ளிக்கூடத்தை விட்டார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் கிராமத்துப் பக்கம் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது! இளைஞர் துரைசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து வேறு நினைவே இல்லை. கோவைக்கு நடந்தார். ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, காப்பி கொடுத்து, காலணா அரையணாவாகச் சேர்த்தார். ஏறக்குறைய மூன்று வருஷம்! பணம் சேர்ந்ததும் அதே துரையிடம் போய் அந்த 'ரட்ஜ்' வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியதும் ஊர்வலம் போனாரா? இல்லை. வண்டியைக் கழற்றிப் போட்டார். ஆணி ஆணியாகப் பிரித்தார். திரும்பப் பூட்டினார். அவர் படித்த எஞ்சினீயரிங் கல்லூரி அதுதான்.

பிறகு பஞ்சு வியாபாரம் செய்தார். திருப்பூரில் சம்பாதித்ததைப் பம்பாயில் தொலைத்தார். கையில் காசில்லாமல் கோவை திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவருடைய உதவியால் 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். டிரைவரும் அவர்தான், முதலாளியும் அவர்தான்.

அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. சுருக்கமாக யு.எம்.எஸ். 1930-களில் அதன் பஸ்கள் இருநூறைத் தாண்டிவிட்டன! பஸ் எப்போது வரும் என்று புளியமரத்தடியில் காத்துக்கிடந்த காலத்தில், நேரம் தவறாத பஸ் என்றால் ஜனங்களுக்கு அது ஓர் அதிசயம்.

கவலைக்கு விடை

கொங்கு நாட்டுக் கிணறுகளின் ஆழம் வாசகர்களுக்குத் தெரியும். விடியுமுன் மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்தால்தான் வயலில் தண்ணீர். 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியது. மின்சாரம் வந்தது, மோட்டார் சீமையிலிருந்து வரவேண்டியிருந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையிலேயே மோட்டார் செய்துவிட்டார் ஜி.டி.நாயுடு. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் அது என்பார்கள். இன்று நாட்டின் எந்த மூலையிலும் கோவை பம்புசெட்டைக் காணலாம்.

இன்னும் எத்தனையோ! பாட்டரியில் ஓடும் 'ரேசண்ட்' சவரக் கருவி, மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழரசம் பிழியும் யந்திரம், கள்ள ஓட்டுப் போட முடியாத ஓட்டு யந்திரம். எழுபது ரூபாய்க்கு ரேடியோ தருகிறேன் என்று 1941-ல் அறிவித்தார். பத்தடி உயரத்துக்குப் பருத்திச் செடியும் வளர்த்தார்.

கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்லூரி தொடங்க முன்னின்றவரும் அவரே. நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. விலகிக்கொண்டார். கல்லூரி தடாகம் சாலைக்குப் போய் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. ஆனால் பீளமேட்டில் பஸ் கண்டக்டர்கள் இன்றும் 'ஹோப்ஸ்' என்றுதான் கூவுகிறார்கள்!

கார் பிறந்தது

இனி, கார் கதைக்கு வருவோம்.

1952-ல் நாயுடு ஒரு காரை உருவாக்கினார். பெட்ரோலில் ஓடும் சின்னக் கார். இரண்டு பேர் உட்காரலாம். விலை? இரண்டாயிரம் ரூபாய்!

அந்தக் காலத்தில் நம் ரோடுகளில் கார் என்றால் பெரும்பாலும் அமெரிக்கக் கார், அல்லது பிரிட்டிஷ் கார். போர்டு கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் 1920-களிலேயே இந்தியாவுக்கு வந்து, பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி விற்றன. கப்பல் போன்ற வண்டிகள். ஜமீன்தாருக்கும் மில் முதலாளிக்கும் பொருந்தும். சந்தைக்குப் போகும் குடியானவருக்கும், சைக்கிள் மிதிக்கும் குமாஸ்தாவுக்கும்?

அமெரிக்காவில் அப்போது நடந்த கூத்து தனிக் கதை. வருஷா வருஷம் புது மாடல்! 1948-ல் காடிலாக் காரின் பின்புறம் சிறு துடுப்பு முளைத்தது. 1959-ல் அதுவே ராக்கெட் வால் போல் நீண்டுவிட்டது. குரோமியப் பூச்சு ஜொலித்தது. உள்ளே அடிப்படை மாறாது. மேல் சட்டைதான் மாறும். போன வருஷக் காரைப் பழசாகக் காட்டுவதுதான் நோக்கம். இந்த அலங்காரம் சலித்துப்போன அமெரிக்கர்கள் பலர், வருஷா வருஷம் உருவம் மாறாத ஜெர்மனி வோல்க்ஸ்வாகன் வண்டை வாங்கத் தொடங்கினார்கள்.

நாயுடு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் நேரில் சுற்றிப் பார்த்தவர். அவர் செய்த கார் யாரையும் மயக்கச் செய்ததல்ல. என்ன விலைக்குக் கொடுக்க முடியும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த கார் அது. இந்த எழுத்தாளர் கருத்தில், அந்த ஒரு கேள்வி எந்தத் துடுப்பையும் விடப் பெரியது.

ஆனால் லைசென்சு வேண்டுமே! தொழில்களை ஒழுங்குபடுத்தும் 1951-ம் ஆண்டுச் சட்டம், அதே 1952-ல்தான் அமுலுக்கு வந்தது. சர்க்கார் அனுமதி இல்லாமல் பெருந்தொழில் தொடங்க முடியாது. நாயுடுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கார் நின்றுவிட்டது.

அனுமதி பெற்ற கம்பெனிகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. அமெரிக்கக் கம்பெனிகளும் 1950-களின் நடுவில் மூட்டை கட்டின. இறக்குமதிக்குத் தடை; போட்டிக்கு ஆள் இல்லை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957-ல் அம்பாசிடர் பிறந்தது. பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சு. 2014 வரை ஏறக்குறைய அதே முகம், அதே முதுகு! அமெரிக்காவில் உருவம் மட்டும் மாறியது. இங்கே உருவம்கூட மாறவில்லை. விற்பனைக்குக் கவலை இருந்தால் அல்லவா யோசனை பிறக்கும்? பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க ஜனங்கள் தயாராக இருந்தார்களே!

அம்பாசிடரைக் குறை சொல்வது சிலருக்குப் பிடிக்காது. மேடு பள்ளத்துக்கு அசையாத வண்டி. வீட்டில் கல்யாணம் என்றால் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகும். அதெல்லாம் உண்மை. அதற்காக அரை நூற்றாண்டுக்கு ஒரே கார்தானா?

வேடிக்கை என்னவென்றால், நாயுடுவின் கார் முடங்கிச் சில ஆண்டுகளுக்குள் சர்க்காரே சின்னக் கார் வேண்டும் என்று பேசத் தொடங்கியது. 1960-ல் எல்.கே.ஜா குழு மலிவுக் கார் யோசனையை எழுதி வைத்தது. மாருதி கார் வந்தது 1983 டிசம்பரில்.

நாயுடு அதைப் பார்க்க இல்லை. வரிக் கொடுமை என்று மனம் கசந்து, தான் செய்த பொருள்களையே ஜனங்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டியவர் அவர். ஆனாலும் பட்டறையை விடவில்லை. 1967-ல் தொழிற் கண்காட்சி அமைத்தார். 1974 ஜனவரி 4-ந்தேதி காலமானார்.

அதே அவினாசி சாலையில், அவர் பெயரால் நடக்கும் அறநிலையம் 2015-ல் கார் காட்சிசாலை ஒன்றைத் திறந்தது. பல தேசத்துப் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து, என்ஜின் மூடிக்குள் தலையை விட்டுப் பார்க்க முண்டியடிக்கிறார்கள்.