திரைமன் விட்டுச் சென்ற செடித்தாள்கள்

திருக்கோணமலையில் எழுந்தருளிய கோணேசப் பெருமானுக்குரிய தலமரம் கல்லால் என்பது யாவரும் அறிந்ததே. அக்கல்லாலும், வளவிலே காய்க்கும் பலாவும், காட்டோரத்துப் பிராயும், தொட்ட கையை எரியச் செய்யும் சுணைச்செடிகளும் ஒரே குடும்பத்தின என 19ஆம் நூற்றாண்டுத் தாவர நூலார் வகுத்திருந்தனர். எரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த அர்ட்டிக்கேசியே என்பது அக்குடும்பத்தின் பெயர். இக்காலத்தார் ஆலையும் பலாவையும் பிராயையும் வேறு குடும்பமாகப் பிரித்துவிட்டனர். நம்மூர்க் காஞ்சொறியும் சுணைப்பதே. ஆயினும் அஃது ஆமணக்கின் இனம். இலங்கைத் தாவரங்களை எல்லாம் ஒரு நூலில் அடக்க முயன்று, இக்குடும்பம் அச்சேறு முன்னரே மறைந்தவர் ஹென்றி திரைமன் என்னும் அறிஞர்.

அவர் 1843இல் இலண்டனிற் பிறந்தார். மருத்துவம் பயின்று 1865இற் பட்டம் பெற்றாரெனினும், அவர் உள்ளம் செடிகொடிகளிலேயே தோய்ந்தது. 1869 முதல் பிரித்தானிய நூதனசாலையிற் பணிபுரிந்து, 1880இல் பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராக வந்தார்.

அங்கே துவைற்ஸ் என்னும் முன்னோர் சேர்த்த உலர்ந்த செடித்தாள்கள் பெருந்தொகையாக இருந்தன. திருக்கோணமலையில் கிளெனி என்னும் பாதிரியார் திரட்டிய செடிகளும் அவற்றுட் சேர்ந்திருந்தன. ஆனால் அத்தொகுதியில் ஒரு குறை உண்டு. துவைற்ஸ் இனத்துக்கு ஓர் எண் இட்டாரேயன்றிப் பறித்த ஒவ்வொரு செடிக்கும் எண் இட்டாரல்லர். எனவே மலைநாட்டுச் செடியும் கீழ்க்கரைச் செடியும் ஒரே எண்ணின்கீழ் அமைந்தன. பிறந்த ஊர் தெரியாத செடி, பாடியோன் பெயர் தெரியாத தனிப்பாடலை ஒக்கும். அழகிருக்கும், வரலாறு இராது.

திரைமன் தீவின் பல பாகங்களுக்கும் தாமே சென்றார். எச்செடி எவ்வூரில் வளர்கின்றது என நேரிற் கண்டு குறித்தார். சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் கேட்டறிந்து தம் நூலில் இடம்பெறச் செய்தார். நம்மவர் நாவில் மட்டும் வழங்கிய பெயர்கள் பல இதனால் ஏட்டில் ஏறின. தமிழர் இதன்பொருட்டு அவருக்குக் கடப்பாடுடையர்.

இலங்கைத் தாவரக் கைந்நூலின் முதல் மூன்று பாகங்கள் 1893 முதல் 1895 வரை வெளிவந்தன. அதற்குள் அவர் செவிப்புலன் குன்றியது. பின்னர்க் கால்களும் செயலிழந்தன. காடு சுற்றிய கால்கள் ஓய்ந்தும் கை எழுதுவதை நிறுத்தவில்லை. 1896 ஒக்டோபரில், 53 ஆண்டு நிறைவதற்குச் சில நாள் இருக்கையில், கண்டியில் அவர் காலமானார்.

எஞ்சியவற்றை எழுதியவர் அப்பொழுது 80 வயதை எய்திக்கொண்டிருந்த ஜோசப் ஹூக்கர். திரைமன் விட்டுச் சென்ற குறிப்புகளையும் செடித்தாள்களையும் துணையாகக் கொண்டு, 1898இல் நான்காம் பாகத்தை அவர் வெளியிட்டார். சுணைச்செடியும் ஆலும் பலாவும் அடங்கிய குடும்பம் அப்பாகத்திலேதான் இடம்பெற்றது. ஐந்தாம் பாகம் 1900இல் வந்தது. 1980 முதல் வெளிவந்த திருத்திய பதிப்பினரும் அப்பழந்தாள்களை மீண்டும் புரட்டிப் பார்த்தே எழுதினர்.

ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடிக்க இயன்றது எதனால்? ஊரும் பெயரும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தமையால் அன்றோ! கல்லாலின் நிழலில் நிற்கும் மாணாக்கர், தாம் கண்டதைக் கண்ட இடத்தோடு எழுதிவைக்கும் பழக்கத்தை இவர் வாழ்விலிருந்து கற்றுக்கொள்வாராக.