வாளும் தாளும்: நவாப் மீர் காசிம் வாழ்வு தரும் பாடம்

வாளுக்கு வீழ்ந்த அரசுகளைப் பற்றி வரலாறு நிரம்பப் பேசுகிறது. தாளுக்கு வீழ்ந்த அரசுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1757இல் நடந்த பிளாசிப் போரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் டில்லி அரண்மனையில் எழுதப்பட்ட ஒரு வணிக ஆணையை அறிந்தோர் சிலரே. அவ்வாணையின் சுமையைத் தாங்கி, அதனை இறக்கி வைக்க முயன்று, அம்முயற்சியிலேயே அரியணையை இழந்தவர் வங்காள நவாப் மீர் காசிம். நாடுகளிடையே வணிக உடன்படிக்கைகள் பெருகிவிட்ட இக்காலத்தில் அவர்தம் வாழ்வை நாம் எண்ணிப் பார்ப்பது பயனுடைத்து.

1717இல் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஒரு ஃபர்மான் வழங்கினார். ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்திவிட்டால் போதும். வங்காளத்தில் கும்பினி சுங்கமின்றி வாணிகம் செய்யலாம் என்பது அதன் சாரம். கும்பினியின் சரக்கு இன்னதெனச் சாவடிகளில் காட்டுவதற்குத் ‘தஸ்தக்’ என்னும் சீட்டு வழங்கப்பட்டது. இச்சலுகை கும்பினியின் கடல் வாணிகத்திற்கு மட்டுமே உரியது என்பது வங்காள நவாபுகளின் நிலைப்பாடு. ஆனால் கும்பினியின் ஊழியர்களோ தம் சொந்த வாணிகத்திற்கும் அதே சீட்டைப் பயன்படுத்தினர். கொடுத்தவர் ஒரு பொருள் கொள்ள, பெற்றவர் வேறொரு பொருள் கொண்ட இந்த ஆணையே பின்னாளைய பூசல்களின் வித்தாயிற்று.

பிளாசிப் போரில் சிராஜ் உத் தௌலா வீழ்ந்தபின் மீர் ஜாபர் நவாப் ஆக்கப்பட்டார். அவர் வாக்களித்த தொகைகளைக் கொடுத்துத் தீர்க்க இயலாமற் போகவே, கும்பினியார் 1760இல் அவரை அகற்றி, அவருடைய மருமகன் மீர் காசிமை அமர்த்தினர். சென்னையில் கும்பினிப் பணி புரிந்து, பின் கல்கத்தா ஆளுநராகச் சென்ற வான்சிட்டார்ட் என்பவரே இம்மாற்றத்தை நடத்தி வைத்தார். பர்துவான், மிதுனாப்பூர், சிட்டகாங் ஆகிய மூன்று மாவட்டங்கள் கும்பினிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. கல்கத்தா ஆட்சிக்குழுவினருக்குப் பெருந்தொகைகள் பரிசாக உறுதியளிக்கப்பட்டன. ஆகவே மீர் காசிமும் ஓர் உடன்படிக்கையின் வழியாகவே அரியணை ஏறினார் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. விலை கொடுத்து வாங்கிய ஆட்சியை உரிமையுள்ள ஆட்சியாக மாற்ற முயன்றதே அவருடைய வாழ்வின் பெருமையும் துன்பமும் ஆகும்.

அவர் திறமை மிக்க நிருவாகி. அரண்மனைச் செலவைச் சுருக்கினார். கணக்குகளைத் துருவி ஆராய்ந்தார். கும்பினிக்கும் படைவீரர்க்கும் சேரவேண்டிய பாக்கிகளைத் தீர்த்தார். கல்கத்தாவின் நிழல் படாத தொலைவில் இருக்க விரும்பித் தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து கங்கைக் கரையிலுள்ள முங்கேருக்கு மாற்றினார். அங்கே ஆர்மீனியரான குர்கின் கான் தலைமையில் படையைப் புதுமுறையிற் பயிற்றினார். துப்பாக்கியும் பீரங்கியும் செய்வித்தார்.

கருவூலத்தை நிரப்ப முயன்ற நவாபுக்குச் சுங்கச் சாவடிகளே பெருங்குறையாய் நின்றன. உப்பு, பாக்கு, புகையிலை போன்ற உள்நாட்டுப் பண்டங்களைக் கும்பினி ஊழியர்கள் சுங்கமின்றிக் கொண்டு சென்றனர். அவர்களுடைய குமாஸ்தாக்கள் ஊர்தோறும் ஆங்கிலக் கொடியை நாட்டினர்; குடியானவர்களிடமும் வணிகர்களிடமும் பண்டங்களைக் குறைந்த விலைக்குப் பறித்தனர்; தம் சரக்கை மிகுந்த விலைக்கு அவர்கள் மீது திணித்தனர்; தடுத்த அரசு அலுவலரைக் கட்டி இழுத்துச் சென்றனர். சுங்கம் செலுத்திய உள்நாட்டு வணிகர் சந்தையில் நிற்க இயலாமல் நலிந்தனர். தம் நாட்டில் தம் அலுவலருக்கே அதிகாரம் இல்லை என்று நவாப் 1762இல் கல்கத்தாவுக்கு எழுதி முறையிட்டார்.

அவ்வாண்டின் இறுதியில் வான்சிட்டார்ட் முங்கேருக்கு நேரிற் சென்று ஓர் இணக்கம் கண்டார். ஆங்கிலேயர் தம் சொந்த உள்நாட்டு வாணிகத்திற்கு நூற்றுக்கு 9 வீதம் சுங்கம் செலுத்துவர் என்பது அதன் ஏற்பாடு. நாட்டு வணிகர் செலுத்தியதோ இதனினும் மிகுதி. இத்துணைச் சலுகையையும் கல்கத்தா ஆட்சிக்குழு ஏற்கவில்லை. உப்புக்கு மட்டும் 2½ வீதம் தருவோம் என்றது. ஆளுநர் செய்த உடன்பாட்டை அவருடைய குழுவே கிழித்தெறிந்தது. வான்சிட்டார்ட்டும் வாரன் ஹேஸ்டிங்சும் மட்டுமே எதிர்த்து நின்றனர்.

1763 மார்ச்சு மாதத்தில் மீர் காசிம் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். யாவர்க்கும் இரண்டாண்டு காலத்திற்கு உள்நாட்டுச் சுங்கம் இல்லை என்று அறிவித்தார். ஆங்கிலேயர் பெற்றிருந்த எதனையும் அவர் பறிக்கவில்லை. அவர்கள் நுகர்ந்த உரிமையைத் தம் குடிமக்களுக்கும் வழங்கினார், அவ்வளவே. அதனால் இழப்பு அவருடைய கருவூலத்திற்கே.

கும்பினியார் வேண்டியது தடையற்ற வாணிகமாயின் இவ்வறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும். அவர்களோ சினந்தெழுந்தனர். நாட்டு வணிகர் மீது மீண்டும் வரி விதித்தே ஆகவேண்டுமென்று நவாபை வற்புறுத்தினர். தம் குடிமக்களுக்கு வரியை நீக்கும் உரிமையும் ஓர் அரசருக்கு இல்லையா என்பதே அன்று எழுந்த வினா. இல்லை என்று ஒரு வணிக நிறுவனம் விடை கூறியது. அது நாடியது சுதந்திர வாணிகமன்று, தனிச் சலுகை என்பது அன்றே வெளிப்பட்டது.

1763 ஜூன் மாதத்தில் பாட்னாவிலிருந்த கும்பினி அதிகாரி எல்லிஸ் அந்நகரைத் திடீரெனக் கைப்பற்றினார். நவாபின் படை அதனை மீட்டது. போர் மூண்டது. கட்வா, கிரியா, உதுவாநாலா ஆகிய களங்களில் மீர் காசிம் தோற்றார். தோல்வியின் வெறியில் பாட்னாவில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரைக் கொல்லுவித்தார். ஜகத் சேட்டு குடும்பத்தவரையும் கொல்லுவித்தார். சிறைப்பட்டோரைக் கொல்வது எந்த அறத்திற்கும் ஒவ்வாது. அவர் பக்கம் இருந்த நியாயம் இக்கொடுஞ்செயலுக்கு ஈடாகாது.

இதற்கிடையே மீண்டும் அமர்த்தப்பட்ட மீர் ஜாபர், ஆங்கிலேயரின் சலுகையைப் புதிய உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டு நாட்டு வணிகர் மீதான சுங்கத்தைத் திரும்பவும் விதித்தார். மீர் காசிம் அயோத்தி நவாப் சுஜா உத் தௌலாவையும் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமையும் துணை கொண்டார். ஆனால் 1764 அக்டோபர் 22ஆம் நாள் பக்சார் போர் நிகழுமுன்னரே சுஜா அவருடைய செல்வத்தைக் கவர்ந்து அவரைத் துரத்திவிட்டார். பக்சாரில் கும்பினி வென்றது. 1765இல் வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் வரி வசூல் உரிமையான திவானியைப் பேரரசர் கும்பினிக்கு அளித்தார். அதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபாய். சுங்கம் செலுத்த மறுத்தவர்களே வரி வசூலிப்பவர்களாயினர். ஐந்தாண்டுகளுக்குள் வந்த பெரும் பஞ்சத்தில் வங்காள மக்கள் எண்ணற்றோர் மாண்டனர். ஊர் ஊராய் அலைந்த மீர் காசிம் 1777இல் டில்லி அருகே வறுமையில் உயிர் நீத்தார். அவரிடம் எஞ்சியிருந்த சால்வைகளை விற்றே கஃபன் துணி வாங்கினர் என்று கூறுவர்.

இன்று கொடியும் பீரங்கியும் வருவதில்லை. நடுவர் மன்றங்கள் உள்ளன. 2012இல் இந்தியப் பாராளுமன்றம் பின்னோக்கிச் செல்லும் ஒரு வரிச் சட்டத்தை இயற்றியது. அதன்படி வோடபோன் நிறுவனத்திடம் கேட்ட வரி, நெதர்லாந்துடன் செய்திருந்த முதலீட்டு உடன்படிக்கைக்கு முரண் என்று 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் பாராளுமன்றம் அவ்வரியைக் கைவிட்டது. அச்சட்டம் நேர்மையற்றது என்பாரும் உளர். அவர்தம் வாதத்திலும் வலுவுண்டு. ஆயினும் ஒரு நாட்டின் வரியை அந்நாட்டு மக்கள் தேர்ந்த மன்றம் முடிவு செய்வதா, நிறுவனம் நாடும் வெளி மன்றம் முடிவு செய்வதா என்ற வினா மீர் காசிமின் வினாவிற்கு உறவானதே.

உடன்படிக்கைகளே வேண்டாவென்று நாம் கூறவில்லை. கடல் கடந்த வாணிகத்தில் நம் முன்னோரும் ஈடுபட்டவரே. வாக்கு இன்றி வாணிகம் இல்லை. ஆனால் எந்த உடன்படிக்கையையும் மூன்று வினாக்களால் உரைத்துப் பார்த்தல் வேண்டும். அதில் எழுதப்பட்ட சொல்லுக்குப் பொருள் கூறுபவர் யார்? வெளியார்க்குத் தரும் உரிமை நம்மவர்க்கும் உண்டா? பிழையெனக் கண்டால் திருத்திக்கொள்ளும் வழி நம் கையில் உள்ளதா? 1717இன் ஃபர்மானை எழுதியோர் இவற்றைக் கேட்கவில்லை. மீர் காசிம் கேட்டபோது காலம் கடந்துவிட்டது. பொருளியலும் சட்டமும் கற்கும் நம் மாணவச் செல்வங்கள் கையொப்பம் இடப்படுமுன் இவற்றைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.