தாடையை அறுக்காம ஒரு ஜன்னல்... 130 வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்ச டாக்டர் பார்ட்ஷ்!

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி ரோட்டுல ஒரு சாயங்காலம் மெதுவா நடந்து பாருங்க. துணிக்கடை, பேக்கரி, நடுநடுவே பல் டாக்டர் போர்டுகள். சரி, அந்த 'ஆர்.எஸ்' யாருன்னு கேட்டா சட்டுனு சொல்ல வருமா? கோவை நகராட்சித் தலைவரா இருந்த திவான் பகதூர் ரத்தினசபாபதி முதலியார்தான் அவர். அவர் பேர் ரெண்டு எழுத்தா சுருங்கி ஏரியா பேராச்சு. அவரோட பட்டம் 'டி.பி'ன்னு சுருங்கி ரோட்டுப் பேராச்சு.

அந்த போர்டுகளுக்குப் பின்னாடி இருக்குற டாக்டர்களோட பாடப் புத்தகத்துலயும் இப்படிச் சுருங்கிப்போன ஒரு பேர் உண்டு. பார்ட்ஷ் 1, பார்ட்ஷ் 2. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின எல்லாருக்கும் அந்தப் பேர் தெரியும். ஆனா, அதுக்குப் பின்னாடி இருந்த மனுஷன்?

யார் இந்த பார்ட்ஷ்?

கார்ல் பார்ட்ஷ் 1855-ல் சைலீசியாவின் மலையூரான ஷ்ரைபர்ஹவ்வில் பிறந்தவர். அன்றைக்கு அது பிரஷ்யா, இன்றைக்கு போலந்து. அண்ணன் யோசஃப் பேர்பெற்ற புவியியல் அறிஞர். தம்பி போனது மருத்துவத்துக்கு. பிரெஸ்லாவ் நகரத்தில் அறுவை சிகிச்சை நிபுணரானார். இப்போது வ்ரோத்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் அதே நகரம்தான்.

அந்தக் காலத்தில் பல் வைத்தியம்னாலே பெரிய டாக்டர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம். வலிச்சா பிடுங்கு, அவ்வளவுதான். ஆனா, முறையா சர்ஜரி படிச்ச பார்ட்ஷ், வாயும் தாடையும்தான் தன் களம்னு முடிவு பண்ணினார். 1890-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பல் மருத்துவ நிலையத்துக்கு அவர்தான் தலைவர்.

வலியே இல்லாம வளரும் வில்லன்

அவர் முன்னாடி வந்து நின்ன பிரச்னைகளில் ஒண்ணு, தாடை நீர்க்கட்டி. செத்துப்போன பல்லோட வேர் நுனியில் வரலாம். வெளியே வராம எலும்புக்குள்ளயே படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லைச் சுத்தியும் வரலாம். உள்ளே தண்ணி நிரம்பின பை மாதிரி இருக்கும். அந்தப் பை சுத்தியிருக்கும் திசுவிலிருந்து இன்னும் தண்ணியை இழுக்கும், அழுத்தம் ஏறும், பக்கத்து எலும்பு கரையும். பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. முகம் வீங்கின பிறகுதான் தெரியும். அதுக்குள்ள எலும்பு சிலருக்கு முட்டை ஓடு மாதிரி மெலிஞ்சுபோயிருக்கும்.

இப்போ பார்ட்ஷ் இடத்தில் உங்களை வெச்சு யோசிங்க. எக்ஸ்ரே கிடையாது, அதைக் கண்டுபிடிச்சதே 1895-ல். பென்சிலின் வர இன்னும் பல வருஷம் இருக்கு. இந்த நிலைமையில் பெரிய கட்டியை முழுசா தோண்டினா தாடை உடையலாம், உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அறுபடலாம், உள்ளே உண்டாகும் பெரிய குழியில் சீழ் பிடிக்கலாம். சீழ் பிடிச்சா உயிருக்கே ஆபத்து.

1892: மடை திறந்தார்

பார்ட்ஷ் 1892-ல் வெளியிட்ட முறை ரொம்ப எளிமை. கட்டியைத் தோண்டாதீங்க. வாய்க்குள்ளிருந்து அதோட முன்பக்கச் சுவரை மட்டும் எடுத்து ஒரு ஜன்னல் வைங்க. கட்டியின் உள்தோலையும் வாயின் தோலையும் சேர்த்துத் தைங்க. அவ்வளவுதான்!

குளத்து மடையைத் திறந்தா கரை மேல இருக்கும் அழுத்தம் இறங்குற மாதிரி, உள்ளே தண்ணி தேங்காது, அழுத்தமும் ஏறாது. அரிக்குற வேலை நின்னதும் எலும்பு தானா வளர ஆரம்பிக்கும். மாசக்கணக்கில் குழி சுருங்கும். இன்னைக்கு இதுக்குப் பேர் மார்சூப்பியலைசேஷன். பை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கங்காரு வகை விலங்குகளுக்கும் அதே சொல்தான் பேர் கொடுத்தது.

இதில் ஒரு குறையும் இருந்தது. கட்டியின் தோல் உள்ளேயே இருக்கும், ஆற ரொம்ப நாளாகும். பார்ட்ஷ் அதை மறைக்கவும் இல்லை, தன் முறைதான் ஒசத்தின்னு பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. 1910 வாக்கில் எக்ஸ்ரே வந்தாச்சு, மரத்துப்போக நல்ல ஊசியும் வந்தாச்சு. கட்டியை முழுசா எடுத்துட்டு அப்பவே தைச்சு மூடும் இரண்டாவது முறையை அவரே முன்வெச்சார். அதுதான் பார்ட்ஷ் 2. 1932-ல் அவர் காலமானார்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

பார்ட்ஷ் விட்டுப்போன கேள்வி இன்னும் பழசாகலை. முழுசா எடுக்கணுமா, இல்லை ஜன்னல் வெச்சுக் காத்திருக்கணுமா? பெரிய கட்டிக்கு இன்னைக்குப் பல டாக்டர்கள் ரெண்டையும் சேர்த்துக்குறாங்க. முதலில் சின்னத் துளை போட்டு ஒரு குழாய் வைப்பாங்க. சில மாசம் கழிச்சு கட்டி சுருங்கினதும் மிச்சத்தை எடுப்பாங்க. நரம்பும் பக்கத்துப் பல்லும் பிழைச்சுக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட நிரந்தரப் பல்கூட சில நேரம் தானா முளைச்சு வந்துடும்.

ஆனா, இதில் பாதி வேலை உங்களுடையது. அந்தத் துளையை தினமும் கழுவணும், சொன்ன தேதிக்கு எக்ஸ்ரே எடுக்கணும். வலிதான் போயிடுச்சேன்னு பாதியில் நிறுத்தினா, துளை மூடி கட்டி மறுபடி நிரம்பும்.

தாடையில் வர்ற வீக்கம் எல்லாமே சாதாரண நீர்க்கட்டி இல்லை. சிலது ட்யூமரா இருக்கலாம். கெரட்டோசிஸ்ட் மாதிரி சிலது எடுத்த பிறகும் திரும்ப வரும். அதனால் பயாப்சி ரிசல்ட் வராம எந்த முடிவும் வேண்டாம். கறுத்துப்போன பல், ஆடுற பல், வலியில்லாத வீக்கம், உதட்டில் மதமதப்பு... எது இருந்தாலும் தள்ளிப்போடாதீங்க.

பெரிய ஆபரேஷன்னு டாக்டர் சொன்னா பயந்து ஓடவும் வேணாம், கண்ணை மூடித் தலையாட்டவும் வேணாம். முதலில் ஜன்னல் வெச்சுப் பார்க்க முடியுமான்னு தைரியமா கேளுங்க. எல்லாக் கட்டிக்கும் அது சரிப்படாது. சரிப்பட்டா, உங்க தாடை உங்களுக்கே மிஞ்சும்.