ஷேக்ஸ்பியரின் 18 நாடகங்கள் காணாமல் போயிருக்கும்... காப்பாற்றிய 2 நண்பர்கள்!

ஒரு விஷயம் சுத்தமாகப் புரியவில்லை என்றால் ஆங்கிலத்தில் ‘கிரீக் டு மீ’ என்பார்கள். ஒரே அடியில் எல்லாம் முடிந்தால் ‘ஒன் ஃபெல் ஸ்வூப்’. நிலைமை தலைகீழாக மாறினால் ‘சீ சேஞ்ச்’. மூன்றுமே வில்லியம் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் வழியாகப் பேச்சில் நிலைத்தவை. ஆனால் இந்த வார்த்தைகள் வரும் ஜூலியஸ் சீசர், மேக்பத், தி டெம்பஸ்ட் மூன்றும் அவர் சாகும்வரை அச்சாகவே இல்லை. பிறகு எப்படி நம் கைக்கு வந்தன?

கையுறைக்காரரின் மகன்

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் 1564 ஏப்ரல் 26 அன்று ஷேக்ஸ்பியருக்கு ஞானஸ்நானம் நடந்தது. அப்பா ஜான், கையுறை செய்பவர். ஷேக்ஸ்பியர் பல்கலைக்கழகப் பக்கமே போகவில்லை. 18 வயதில் தன்னைவிட 8 வயது மூத்த ஆன் ஹாத்வேயைத் திருமணம் செய்தார். 3 குழந்தைகள். ஒரே மகன் ஹாம்னெட் 1596-இல், 11 வயதில் இறந்துபோனான்.

லண்டனில் அவர் நடிகர், எழுத்தாளர், நாடகக் குழுவின் பங்குதாரர். 1599-இல் அந்தக் குழு கட்டியதுதான் குளோப் அரங்கம். 1613-இல் நாடகம் நடக்கும்போதே பீரங்கி வெடித்த நெருப்பு கூரையில் பற்றி, அரங்கமே எரிந்துபோனது.

ஏன் அச்சடிக்கவில்லை?

அன்றைக்கு நாடகம் எழுதியவருக்குச் சொந்தமில்லை, குழுவுக்குத்தான் சொந்தம். வருமானமும் மேடையில்தான். சில நாடகங்கள் தனித்தனிச் சிறு புத்தகங்களாக வந்தன. அவற்றில் சில பிழைகள் மலிந்த பிரதிகள். மொத்தமாகத் தொகுக்கும் வேலையை ஷேக்ஸ்பியர் செய்யவே இல்லை. 1616 ஏப்ரல் 23 அன்று, 52 வயதில் இறந்தார்.

மோதிரக் காசு வாங்கிய நண்பர்கள்

அவரது உயிலில், சக நடிகர்கள் 3 பேருக்கு நினைவு மோதிரம் வாங்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதி வைத்திருந்தார். அதில் ரிச்சர்ட் பர்பேஜ் 1619-இல் காலமானார். மீதி இருந்தவர்கள் ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி கான்டெல். இந்த இரண்டு பேரும் நாடகங்களைத் திரட்டி, 1623-இல் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதுதான் ‘ஃபர்ஸ்ட் ஃபோலியோ’. அதிலிருந்த 36 நாடகங்களில் 18 அதுவரை அச்சுக்கே வராதவை.

அந்தப் புத்தகம் இல்லையென்றால்?

மேக்பத் இல்லாவிட்டால் அகிரா குரோசாவாவின் ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957) இல்லை, விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ (2003) இல்லை. ‘தி காமெடி ஆஃப் எரர்ஸ்’ இல்லாவிட்டால் குல்சாரின் ‘அங்கூர்’ (1982) இல்லை. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932) நாவலுக்குத் தலைப்பு தந்தது டெம்பஸ்ட். ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலின் தலைப்பு ஜூலியஸ் சீசரில் வரும் ஒரு வரியிலிருந்து பிறந்தது. அந்த நாவல்தான் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் கடைசிப் படமான ‘தில் பேச்சாரா’ ஆனது.

எல்லா வார்த்தையும் அவரே உருவாக்கியதா?

இல்லை. அவர் பெயரில் சொல்லப்படும் பல சொற்கள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை. ‘பிரேக் தி ஐஸ்’ அப்படி ஒன்று. ஆனால் மேடையில் ஏறி, பிறகு அச்சிலும் ஏறியதால்தான் அவை இவ்வளவு தூரம் பரவின.

ஃபோலியோ சுமார் 750 பிரதிகள் அச்சிடப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. இன்று மிச்சம் இருப்பவை சுமார் 235. அதில் ஒன்று 2020-இல் கிட்டத்தட்ட 1 கோடி டாலருக்கு ஏலம் போனது.

ஷேக்ஸ்பியரும் ஜான் ஃபிளெட்சரும் சேர்ந்து எழுதியதாகக் கருதப்படும் ‘கார்டெனியோ’ 1613-இல் அரசவையில் நடிக்கப்பட்டது. ஆனால் ஃபோலியோவில் அது சேரவில்லை. இன்று அதன் பெயர் மட்டும்தான் இருக்கு, நாடகம் இல்லை. அந்த இரண்டு நண்பர்கள் மட்டும் மெனக்கெடாமல் இருந்திருந்தால், மேக்பத்துக்கும் இதே கதிதான்.